ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறவன் விளம்பரத்துக்கு எழுதப் போகலாமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க

பேஸ்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்ல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முகூர்த்த மாசத்துல ரிசப்ஷன், ஆடி வந்தா அம்மன் கோயில் திருவிழா, நடுவுல ஏதாவது காலேஜ் கல்ச்சுரல்ஸ், இப்படித்தான் ஓடுது. ரிசப்ஷன்ல ஒரு பழக்கம் வச்சிருக்கோம், பொண்ணு மாப்பிள்ளை பேரு, ஊரு, அவங்க வேலை இதையெல்லாம் முன்னாடியே கேட்டு வாங்கி ஏதாவது ஹிட் பாட்டோட பல்லவியில வரிய மட்டும் மாத்தி எழுதி பாடிடுவோம், எழுதுறது நான்தான், செம கைதட்டல் வரும். அப்படி ஒரு ரிசப்ஷனுக்கு வந்திருந்த ஒருத்தர் சின்னதா ஒரு விளம்பர ஏஜென்சி வச்சிருக்காராம், தமிழ்ல எழுத ஆள் கிடைக்கல, ரேடியோ ஸ்பாட் (சின்ன விளம்பரம்), ரீல்ஸ் எல்லாம் எழுதணும், மாச சம்பளம் தரேன் வந்துடுன்றாரு. நான் பி.காம், அதுலயும் ரெண்டு பேப்பர் அரியர். விளம்பரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. போனா வாசிக்கிறது விட்டுப்போயிடுமான்னு பயமாவும் இருக்கு. என்ன பண்ணலாம்?

மாம்பலம்வாசி எழுதியது:

ரஹ்மான் ஜிங்கிள், அதாவது விளம்பரப் பாட்டு, போட்டுட்டு சினிமாவுக்கு வந்தாரு, நீங்க ரிவர்ஸ் கியர்ல போறீங்க ப்ரோ ஹாஹா. சீரியஸா சொன்னா தப்பே இல்ல. 1987-ல ஆல்வின் வாட்ச்சுக்கு பண்ணதுல ஆரம்பிச்சு 1992-ல ரோஜா வர்ற வரைக்கும் அவருக்கு சோறு போட்டது விளம்பரம்தான், 300-க்கு மேல பண்ணாருன்னு சொல்லுவாங்க. மணிரத்னம் பழக்கமே விளம்பர உலகத்து ஆளுங்க மூலமாதான் வந்துச்சு. தைரியமா போங்க.

ஏஜென்சி_அடிமை எழுதியது:

மாம்பலம் சார், எல்லா இழையிலயும் யாராவது ஒருத்தர் ரஹ்மானைக் கூட்டிட்டு வந்துடுறீங்க. அவர் போட்டது மியூசிக். தம்பி கேக்குறது எழுதுற வேலை. ரெண்டும் ஒரே கட்டடத்துல நடக்கும் அவ்வளவுதான், மத்தபடி சம்பந்தமே இல்லாத வேலை. இசையமைப்பாளர் வன்ராஜ் பாட்டியா லண்டன் ராயல் அகாடமியில மியூசிக் படிச்சுட்டு வந்து பாம்பேல லிரில் சோப்புக்கு ஜிங்கிள் போட்டாரு, ஆனா அவரை யாரும் காப்பிரைட்டர்னு, அதாவது விளம்பர வரி எழுதுறவர்னு, சொல்ல மாட்டாங்க.

தம்பி, இந்த வேலையில வரி எழுதுறது கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் பிரீஃப், அதாவது என்ன வேணும்னு கிளையன்ட் தர்ற குறிப்பு, படிக்கிறது, யாருக்கு விக்கிறோம்னு யோசிக்கிறது, கிளையன்ட் எட்டாவது தடவை மாத்தச் சொல்லும்போது சிரிச்ச மூஞ்சியா இருக்கிறது. கைதட்டல் எல்லாம் வராது. பேரும் எங்கயும் வராது. இது தெரிஞ்சு வாங்க.

பழைய_கீபோர்டு எழுதியது:

தம்பி, நானும் இதே வழியில வந்தவன்தான், கொஞ்சம் நீளமா எழுதுவேன் பொறுத்துக்கோங்க.

90கள்ல வடபழனி பக்கம் ஒரு ஸ்டூடியோவுல கீபோர்டு ப்ரோக்ராமிங் பண்ணிட்டு இருந்தேன். சினிமா சான்ஸ் வரும்னு உக்காந்திருந்தது தான், வந்ததென்னவோ விளம்பர டப்பிங். மும்பைல ஹிந்தியில எடுத்து முடிச்சதை தென்னாட்டு மொழி நாலுலயும் மாத்துவாங்க, படம் அப்படியே இருக்கும், மியூசிக் ட்ராக்கும் அப்படியே இருக்கும், பாட்டும் பேச்சும் மட்டும் இங்க புதுசா எடுக்கணும். ட்ராக் டேப்ல வரும், தமிழ் வரி ஃபேக்ஸ்ல வரும். எழுதுனவரு அந்த டியூனைக் கேட்டே இருக்க மாட்டாரு, ஹிந்தியைப் பார்த்து அர்த்தத்தை எழுதி அனுப்பிச்சிருப்பாரு, பாவம் அவரைச் சொல்லியும் குத்தமில்ல, அவருக்கு யாரும் கேசட் அனுப்பினதே கிடையாது.

ஒரு தடவை பேஸ்ட் விளம்பரம் ஒண்ணு. முதல் சுரமே ரெண்டு பீட் நீளமா நிக்கும், அப்புறம்தான் இறங்கும். வந்த வரி ‘பல்லெல்லாம்’னு ஆரம்பிக்குது. அந்த ‘ப’ குறில், அதை ரெண்டு பீட் இழுத்தா என்ன ஆகும்? பாடகி பாடினாங்க, ‘பாஆல் எல்லாம் வெள்ளை வெள்ளை’னு கேக்குது. கன்சோல்ல இருந்த எஞ்சினியர் டாக்பேக் மைக்ல ‘ஏன் சார் இது பால் விளம்பரமா’ன்னு கேக்க, அந்தம்மாவுக்கு சிரிப்பு வந்து ரெண்டு டேக் போச்சு. ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்குல ஓடுது, மும்பைக்கு போன் போட்டா எழுதுனவர் சாப்பிடப் போயிருக்காரு. டியூன்ல கை வைக்கக் கூடாது. அப்ப நெடில்ல ஆரம்பிக்கிற வரி ஒண்ணு வேணும், பல்லும் உள்ள வரணும், ஆனா அது குட்டி சுரத்துல விழணும். நான் தத்தகாரமா தா..னன்ன தன்னானு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், வாயில தானா வந்துச்சு, ‘வாயெல்லாம் பல்லு’. நம்ம வீட்டுல எல்லாரும் சொல்றதுதானே, என்னடா வாயெல்லாம் பல்லுன்னு. ‘வா’ அந்த ரெண்டு பீட்டுல கச்சிதமா உக்காந்துச்சு, சிரிப்பும் வந்துடுச்சு, பல்லும் வந்துடுச்சு. ஒரே டேக்.

அதுக்கப்புறம் அந்த ஏஜென்சியில இருந்து ஃபேக்ஸ் வர்றது நின்னுபோச்சு, டேப் மட்டும் வரும், கூட ஒரு துண்டுச் சீட்டுல ‘நீங்களே பாத்துக்கோங்க’ன்னு இருக்கும். ரொம்ப நாள் எழுதுறதுக்கும் சேர்த்து ப்ரோக்ராமிங் பில்லுலயே காசு வாங்கிட்டு இருந்தேன். 2003-ல சென்னைக்கு தனியார் எஃப்எம் வந்துச்சு பாருங்க, அப்பதான் நிலைமை மாறுச்சு. அதுவரைக்கும் ரேடியோ பக்கமே வராத நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஸ்வீட் ஸ்டால் எல்லாம் ஸ்பாட் கேக்க ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு மும்பைல இருந்து வர்ற ஹிந்தியும் கிடையாது, மொழிபெயர்க்க ஒண்ணும் கிடையாது, நேரா தமிழ்லயே யோசிச்சு எழுதணும். அந்த அலையில ஒரு ஏஜென்சி என்னை வேலைக்கே எடுத்துக்கிட்டாங்க. விசிட்டிங் கார்டுல ‘சீனியர் காப்பிரைட்டர், தமிழ்’னு போட்டுருந்துச்சு. என் சம்சாரம் வாங்கிப் பாத்துட்டு, அப்ப இனிமே நைட்டு வீட்டுக்கு வருவீங்களான்னுதான் கேட்டாங்க.

நான் சொல்ல வர்றது, நீங்க ரிசப்ஷன்ல பண்றது அதே வேலைதான். போட்ட மெட்டுக்குள்ள ஒருத்தரைப் பத்தின விஷயத்தை, கேக்குறவன் ஒரே தடவையில புரிஞ்சுக்குற மாதிரி உக்கார வைக்கிறீங்க. நிறைய பேருக்கு எம்பிஏ படிச்சும் இது வர்றதில்ல.

கோவைக்குரல் எழுதியது:

கீபோர்டு சார் சொல்றது நூத்துக்கு நூறு உண்மைங்க. நான் வாய்ஸ் ஓவர் பண்றவ. மியூசிக் தெரிஞ்சவங்க எழுதுன ஸ்கிரிப்ட் எதுன்னு முதல் வரி படிக்கும்போதே தெரிஞ்சிடுமுங்க, மூச்சு எடுக்க இடம் விட்டிருப்பாங்க. மத்தவங்க 30 செகண்ட் ஸ்பாட்டுக்கு எண்பது வார்த்தை எழுதிட்டு ‘மேடம் கொஞ்சம் வேகமா படிங்க’ன்னு சொல்லுவாங்க. தமிழ் வார்த்தை எல்லாம் ஒட்டி ஒட்டி நீளமா வருமுங்க, இங்கிலீஷ் கணக்குல வார்த்தையை எண்ணுனா எப்படி சரியா வரும்? எனக்கு அம்பது வார்த்தை தாண்டுனாலே இழுபறிதான். அதுல கடை பேரு மூணு தடவை, ரோடு பேரு, பஸ் ஸ்டாப் அடையாளம், போன் நம்பர் வேற. கடைசில மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம்னா சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவைன்னு அந்த நீட்டு வரிய அஞ்சாறு செகண்டுல முடிக்கோணும், அது படிக்கிறது இல்லைங்க, துரித காலத்துல வாயாலயே ஜதி சொல்ற கொன்னக்கோல்.

பேஸ்தம்பி எழுதியது:

நன்றி கீபோர்டு அண்ணா, வாயெல்லாம் பல்லு படிச்சுட்டு பஸ்ல தனியா சிரிச்சேன். ஏஜென்சி அண்ணா சொல்றதும் பயமுறுத்துது. எனக்கு ஒரு சந்தேகம், பாட்டே இல்லாத விளம்பரத்துக்கு, அதாவது பேப்பர் விளம்பரம், ஹோர்டிங், இதுக்கெல்லாம் இசை தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

ஏஜென்சி_அடிமை எழுதியது:

அப்படிக் கேளுங்க. இதுக்குத்தான் நான் வந்தேன்.

பில் பேக்கர்னு ஒரு அமெரிக்கக்காரர். தம்பி கேக்குற கேஸுக்கு சரியான உதாரணம் அவர்தான், ரஹ்மான் இல்ல. அடிப்படையில பாட்டு எழுதுற ஆளு, யேல் யுனிவர்சிட்டியில படிச்சுட்டு மெக்கான் எரிக்ஸன் ஏஜென்சியில அடிமட்டத்துல சேர்ந்து கோக கோலாவுக்கு எழுதுற பெரிய ஆளா ஆனவரு. 1971 ஜனவரியில லண்டன்ல ஒரு ரெக்கார்டிங்குக்காக போய்ட்டு இருக்காரு, பனிமூட்டத்துல விமானம் லண்டன்ல இறங்க முடியாம அயர்லாந்துல ஷானன்ல இறக்கிட்டாங்க. ராத்திரி தங்குறதுக்கு ஒழுங்கா ரூம் கூட கிடைக்காம பயணிங்க எல்லாம் கடுப்புல கத்துறாங்க. மறுநாள் காலையில பாத்தா அதே ஆளுங்க ஏர்போர்ட் காபி ஷாப்ல ஆளுக்கொரு கோக் பாட்டிலை வச்சுக்கிட்டு நடந்ததைச் சொல்லிச் சிரிச்சுட்டு இருக்காங்க. அந்த இடத்துல இவருக்குத் தோணுது, இது வெறும் குளிர்பானம் இல்ல, முன்னப்பின்ன தெரியாத நாலு பேரு சேர்ந்து உக்கார்றதுக்கு ஒரு சாக்குன்னு. கையில கிடைச்ச பேப்பர் நாப்கின்ல எழுதினாரு, உலகத்துக்கே ஒரு கோக் வாங்கித் தரணும்னு இருக்குன்ற மாதிரி ஒரு வரி. அதுதான் அப்புறம் இத்தாலியில ஒரு குன்று மேல பல நாட்டுப் பசங்க நின்னு பாடுற விளம்பரமா ஆச்சு. கம்பெனிக்கு லட்சத்துக்கு மேல கடிதம் வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த வரி காதுல இருந்து வரல. கண்ணுல இருந்து வந்துச்சு. ஆளுங்களைப் பார்த்தாரு. இசை தெரியாத ஒருத்தனும் அதைப் பார்த்திருக்கலாம். ஹோர்டிங்குக்கும் அந்தப் பார்வைதான் வேணும், தாளம் இல்ல.

பழைய_கீபோர்டு எழுதியது:

ஏஜென்சி சார், கதையைப் பாதியில நிறுத்திட்டீங்களே. அவரு எந்த ரெக்கார்டிங்குக்காக லண்டன் போனாரு, யாரைப் பாக்கப் போனாரு? பில்லி டேவிஸ். அவர் யாருன்னா டெட்ராய்ட்ல, பின்னாடி மோடவுன் ரெக்கார்ட் கம்பெனி ஆரம்பிச்ச பெர்ரி கோர்டி கூட சேர்ந்து, பாடகர் ஜாக்கி வில்சனுக்கு ஹிட் பாட்டு எழுதுன ஆளு. சிகாகோ செஸ் ரெக்கார்ட்ஸ்ல இருந்துட்டு 1968-ல மெக்கானுக்கு மியூசிக் டைரக்டரா வந்தவரு, அவரும் நம்ம ஜாதிதான், இசைக்காரர். நாப்கினைப் பாத்ததும் டேவிஸுக்கு முதல்ல பிடிக்கல. உலகத்துக்கு ஏதாவது வாங்கித் தர்றதா இருந்தா நான் போய் கோக்கா வாங்கித் தருவேன், முதல்ல எல்லாருக்கும் ஒரு வீடு வாங்கித் தருவேன், நிம்மதியும் அன்பும் தருவேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு பேக்கர், சரி அதையே எழுது, கோக் எங்க வந்து பொருந்தும்னு நான் காட்டுறேன்னாராம். பாட்டு ஏன் வீட்டுல ஆரம்பிக்குதுன்னா அதனாலதான். மெட்டும் புதுசா போட்டது இல்ல, ரோஜர் குக், ரோஜர் கிரீன்வேன்னு ரெண்டு ஆங்கிலேய பாட்டுக்காரங்க கையில ஏற்கெனவே இருந்த மெட்டு. அப்ப பாருங்க, மெட்டுக்கு எழுதுறது, சண்டை போட்டு வரியை மாத்துறது, பொருள் பேரு எந்த இடத்துல இறங்குனா வலிக்காம இறங்கும்னு பாக்குறது, இதெல்லாம் யாரு பண்ணது? ரேடியோவுல விட்டப்போ கோக்கை பாட்டில்ல அடைச்சு விக்கிற கம்பெனிக்காரங்களுக்கு பிடிக்கவே இல்ல, அப்புறம் படமா எடுத்து ஜூலையில டிவியில வந்ததுக்கப்புறம்தான் பிச்சுக்கிச்சு. ஏர்போர்ட்ல பார்த்ததோட விட்டிருந்தா அது ஒரு நல்ல டைரிக் குறிப்பு, அவ்வளவுதான்.

ஹோர்டிங் கேட்டீங்களே தம்பி. ரோட்டுல பைக்ல போறவன் அதை மனசுக்குள்ள வாய்விட்டுத்தான் படிக்கிறான். எதுகை மோனை இருக்கணும்னு இல்ல, அதை அளவுக்கு மீறி போட்டு அடுக்குமொழி மேடைப்பேச்சாக்கி கெடுத்தவங்கதான் இங்க அதிகம். எங்க நிக்கணும்னு தெரியணும். பேஸ் வாசிக்கிறவனுக்கு அது நல்லாத் தெரியும், எந்த நோட்டை வாசிக்காம விடணும்னு தெரிஞ்சவன்தானே பேஸ் ப்ளேயர்.

ஒண்ணு சொல்றேன், ஒரு ஜவுளிக்கடை ஸ்பாட்டுல கடைப் பேருக்கு முன்னாடி அரை செகண்ட் சும்மா விட்டேன். மியூசிக் கூட இல்ல. கேக்குறவன் என்ன ஆச்சுன்னு காதைத் தீட்டுவான், அப்ப பேரு வந்து விழும். கடை முதலாளி கேட்டுட்டு ‘நல்லாருக்கு சார், அந்த கேப்புல நம்ம லேண்ட்லைன் நம்பரைப் போட்டுருங்க’ன்னாரு.

மாம்பலம்வாசி எழுதியது:

லேண்ட்லைன் நம்பர் 😂😂 போட்டீங்களா இல்லையா அதைச் சொல்லுங்க

பழைய_கீபோர்டு எழுதியது:

போட்டேன். காசு குடுக்குறவரு அவரு.

ஸ்காபரோ_யாழ் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில. இந்த இழையை விடாமல் வாசிச்சுக்கொண்டு வாறன். நாங்கள் சின்னனில இலங்கை வானொலி வர்த்தக சேவையோடதான் வளர்ந்தனாங்கள். கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் இவையின்ர குரலில விளம்பரம் வந்தால் பாட்டு வந்த மாதிரித்தான், அம்மா அடுப்படியில இருந்து அதையும் சேர்த்து முணுமுணுப்பா. கோபால் பற்பொடிக்கு நாட்டுப் பேரெல்லாம் அடுக்கிக்கொண்டு போற விளம்பரம் உங்கட பக்கத்திலயும் எல்லாருக்கும் பாடம் எண்டு நினைக்கிறன். அதில மெட்டு எண்டு ஒண்டும் இல்லை, ஆனா அந்த நாலு நாட்டுப் பேரும் ஒரு தாளத்தில விழும், கடைசியில பொருளின்ர பேர் வந்து முடியும். எழுதினவர் ஆர் எண்டு ஆருக்கும் தெரியாது. ஏஜென்சிக்காரத் தம்பி சொன்ன மாதிரி பேர் வராத வேலைதான், ஆனா வரி இண்டைக்கும் வாயில நிக்குது.

ஏஜென்சி_அடிமை எழுதியது:

நல்ல உதாரணம் அண்ணா. சரி, ஒலி விஷயத்துல நான் இறங்கி வர்றேன், ரேடியோவுல இசைக்காரன் கை ஓங்கித்தான் இருக்கும். ஹிந்தி சினிமாப் பாட்டும் விளம்பரமும் எழுதுற பிரசூன் ஜோஷியும் சங்கீதக் குடும்பத்துல வளர்ந்தவருதான், ஆனா அவரு எம்பிஏவும் படிச்சாரு, அதையும் சேர்த்துச் சொல்லணும். பியூஷ் பாண்டே ரஞ்சி கிரிக்கெட் ஆடிட்டு, டீ டேஸ்ட் பார்க்குற வேலை பார்த்துட்டு 1982-ல ஓகில்வி விளம்பர ஏஜென்சிக்குள்ள வந்தாரு. தூர்தர்ஷன்ல வந்த தேச ஒற்றுமைப் பாட்டு ‘மிலே சுர்’, அதுக்கு ஹிந்தி வரி அவரு எழுதினது. இங்க யாரும் நேர் ரோட்டுல வந்து சேர்றது இல்ல.

ஆனா என் பயம் வேற. இசைக்காரங்க எழுதுனா கேக்க சுகமா இருக்கும், ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா டியூன் ஞாபகம் இருக்கும், எந்த கம்பெனின்னு ஞாபகம் இருக்காது. நான் எத்தனையோ ரிவ்யூ மீட்டிங்ல பாத்துட்டேன். வரி அழகா இருக்குன்னு அவங்களே அதுல மயங்கிடுறாங்க. தம்பி, வேலைக்குப் போனா முதல்ல கடைக்குப் போங்க. ஏஜென்சி கடைக்கு இல்ல, விக்கிற கடைக்கு. பாத்திரக்கடைக்கு எழுதணும்னா அரை நாள் அங்க போய் ஸ்டூல் போட்டு உக்காருங்க, குக்கர் வாங்க வர்ற அம்மா மூடியைத் திறந்து மூடி கேஸ்கட்டை அமுக்கிப் பாத்துட்டு என்ன கேக்குறாங்கன்னு கேளுங்க. முக்கால்வாசி விளம்பர வரி அங்கயே கிடைக்கும்.

பழைய_கீபோர்டு எழுதியது:

இதுல எனக்கு மறுபேச்சே இல்ல. மயங்குறது நிஜம்தான்.

கோவைக்குரல் எழுதியது:

தம்பிக்கு யாருமே காசு விஷயம் சொல்லலையேங்க. பேரி மேனிலோ தெரியுமில்லைங்க, பெரிய பாடகர், அவரு ஆரம்பத்துல ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸுக்கு ஒரு ஜிங்கிள் போட்டாரு. ஒரே தடவை 500 டாலர் குடுத்து முடிச்சுட்டாங்க, அவங்க அதை இன்னைக்கு வரைக்கும் வச்சு ஓட்டுறாங்க. நம்மூர்லயும் அதே கதைதானுங்க. எனக்கே ஒருத்தர் ரேடியோவுக்குன்னு பேசி வாங்கின குரலை யூட்யூப், தியேட்டர், ஆட்டோ மைக் செட் எல்லாத்துலயும் ஓட்டிட்டாரு, கேட்டா ‘உங்களுக்கும் பப்ளிசிட்டி தானே மேடம்’ங்கறாரு. மாச சம்பளத்துக்குப் போனா எழுதுறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், அது பரவால்லைங்க. ஆனா அதே ஆபீஸ்ல உங்களையே டியூனும் போடச் சொல்லுவாங்க பாருங்க, பேஸ் வாசிக்கச் சொல்லுவாங்க, பாடக் கூட சொல்லுவாங்க. அதுக்குத் தனியா காசுன்னு சேரும்போதே பேசி மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க. வாயால சொல்றது வேண்டாமுங்க.

மாம்பலம்வாசி எழுதியது:

ஒரு டவுட்டு, இப்ப ஏஐ-யே டியூனும் போடுது வரியும் எழுதுதே, இந்த வேலை இருக்குமா?

பழைய_கீபோர்டு எழுதியது:

வரி எழுதித் தருது, நானும் யூஸ் பண்றேன், முதல் டிராஃப்டுக்கு ஓகே. ஆனா பாடச் சொன்னா அதே பழைய ஃபேக்ஸ் பிரச்சனைதான், குறில்ல போய் சுரத்தை இழுத்து வைக்குது, ‘பல்’ மறுபடி ‘பால்’ ஆகுது. அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஒரு ஆள் அந்த ரூம்ல வேணும். எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க, நான் ஜோசியக்காரன் இல்ல.

பேஸ்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒரு டெஸ்ட் குடுத்தாரு, வாட்டர் டேங்க் கம்பெனி, 20 செகண்ட், பாட்டு கிடையாது பேச்சு மட்டும். ஏஜென்சி அண்ணா சொன்னதை வச்சு முதல்ல எங்க தெரு ஹார்டுவேர் கடையில போய் நின்னேன். டேங்க் வாங்க வர்றவங்க யாருமே லிட்டர் கேக்கலண்ணா, மொட்டை மாடி படிக்கட்டுல ஏறுமான்னுதான் கேக்குறாங்க. அதை வச்சே எழுதிக் குடுத்தேன், மாமனாரும் மருமகனும் டேங்கைத் தூக்கிட்டு படி ஏறும்போது பேசிக்கிற மாதிரி. சிரிச்சாரு. சனி ஞாயிறு ப்ரோக்ராம் இருந்தா லீவு கேக்க மாட்டேன், ஆனா ஓவர்டைமும் போட மாட்டேன்னு சொன்னேன், சரின்னுட்டாரு. வாசிக்கிறது தனிக் காசுன்றதை மெயில்ல கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

ஏஜென்சி_அடிமை எழுதியது:

படிக்கட்டு சூப்பர். மெயிலுக்கு பதில் வர்ற வரைக்கும் சேராதீங்க. ஃப்ரீலான்ஸா எடுத்துக்குறேன்னு பேச்சை மாத்தினாருன்னா 10 பர்சென்ட் டிடிஎஸ், அதாவது வருமான வரி, முன்கூட்டியே பிடிப்பாங்க, அதைக் கணக்குல வச்சு ரேட் சொல்லுங்க, பான் கார்டு குடுங்க, வருஷம் முடிஞ்சதும் ரிட்டர்ன் ஃபைல் பண்ணி, கட்ட வேண்டியதுக்கு மேல பிடிச்சிருந்தா திரும்ப வாங்கிக்கலாம்.

மாம்பலம்வாசி எழுதியது:

முதல்ல அந்த ரெண்டு அரியரை முடிங்க ப்ரோ